தலை இல்லாத காசுகள்: ரோம ஆட்சியில் யூத நாணயங்கள் பேசிய அரசியல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய யூதக் காசுகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஊர்ப்பெயர், ஆள்பெயர்களை முடிந்தவரை தமிழ் வேதாகமத்தில் பழகிய வடிவிலேயே எழுதுகிறேன். ஏரோது, பிலாத்து, எருசலேம் என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

ஒரு காசு எப்படி அரசியல் செய்தி ஆகும்?

இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ஓர் அரசன் தன் பெயரையும் அடையாளத்தையும் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன வழி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கல்வெட்டு ஓர் இடத்தில்தான் நிற்கும், அதைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். காசு தானாகவே வீடு தேடி வரும். மீன் விற்பவள் கையிலும் இருக்கும், படைவீரன் இடுப்பு முடிச்சிலும் இருக்கும். அதில் என்ன பொறிப்பது என்று முடிவு செய்பவன் யாரோ அவனே இந்த நாட்டை ஆள்பவன் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும்.

ரோமர் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். யூதர்களும்தான். கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்ததிலிருந்து கி.பி. 135-இல் கடைசிக் கிளர்ச்சி நசுக்கப்படும் வரை ஏறக்குறைய இருநூறு வருடங்கள். அந்தக் காலக் காசுகளை வரிசையாக அடுக்கினால் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தது தெரிகிறது. ஒருவர் பொறித்த சின்னத்தை இன்னொருவர் எடுத்து வேறு பொருளில் பொறிக்கிறார். குறிப்பாகப் பேரீச்ச மரத்தைக் கவனித்துக்கொண்டே வாருங்கள், அது பல முறை திரும்ப வரும்.

தலைப்பில் 'தலை இல்லாத' என்று ஏன் சொல்கிறீர்கள்?

நாம் காசு சுண்டும்போது "பூவா, தலையா" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி யூதேயாவில் அடித்த பெரும்பாலான காசுகளுக்குப் பொருந்தாது. அவற்றில் தலையே கிடையாது, இரண்டு பக்கமும் பூதான். மாதுளை, திராட்சை இலை, பேரீச்ச மரம், கதிர், கிண்ணம் என்று இருக்குமே தவிர மனித முகம் இருக்காது. விக்கிரகத்தையும் சொரூபத்தையும் உண்டாக்கக் கூடாது என்ற மோசேயின் கட்டளையை அந்தக் கால யூதர்கள் மிகக் கறாராக எடுத்துக்கொண்டார்கள்.

அரசன் முகம் இல்லாத காசு என்பது மத்தியதரைக்கடல் உலகத்தில் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறானது. ஆகவே முகத்தைப் போடுவதா விடுவதா என்பதே முதல் அரசியல் கேள்வியாகிவிட்டது.

ரோமர் வருவதற்கு முன்பே யூதர்கள் காசு அடித்தார்களா?

ஆம். பாரசீகர் காலத்திலேயே 'யெகூத்' என்ற பெயரோடு மிகச் சிறிய வெள்ளிக்காசுகள் இருந்தன. அப்புறம் மக்கபேயர் வழிவந்த அஸ்மோனிய அரசர்கள் வெண்கலக் காசுகளை ஏராளமாக வெளியிட்டார்கள். முதலாம் யோவான் இர்க்கான் தன் காசில் 'பிரதான ஆசாரியன் யோகனானும் யூதர்களின் சபையும்' என்று பொறித்தார். தன் பெயரோடு சபையையும் சேர்த்துக்கொண்டதைக் கவனியுங்கள். அவருடைய மகன் அலெக்சாந்தர் யன்னாய் அதோடு நிற்கவில்லை. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் 'அரசன்' என்றே பொறித்த காசுகளை வெளியிட்டார். ஒரு தலைமுறைக்குள் என்ன மாறியது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டுகிறது.

யன்னாயின் காசுகள் ஒரு பக்கம் நங்கூரமும் மறுபக்கம் நட்சத்திரமுமாக இருக்கும். அவை அவர் இறந்து நூறு வருடங்கள் கழிந்தும் கைமாறிக்கொண்டிருந்தன. சுவிசேஷத்தில் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட 'ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு' என்று இன்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

காசில் இருக்கும் எழுத்து ஏன் சாதாரண எபிரெய எழுத்து போல இல்லை?

அது பழைய எபிரெய எழுத்து. அன்றாட எழுத்துவேலைக்கு அந்தக் காலத்து மக்கள் அரமேயத்திலிருந்து வந்த சதுர எழுத்தைத்தான் பயன்படுத்தினார்கள். காசில் மட்டும் தாவீது, சாலொமோன் அரசர்களின் காலத்தை நினைவூட்டும் பழைய வடிவத்தைப் பிடிவாதமாக வைத்திருந்தார்கள். இன்று ஒருவர் தமிழை வட்டெழுத்தில் பொறித்துக் காசு வெளியிட்டால் எப்படி இருக்கும்? நம்மில் பெரும்பாலோருக்குப் படிக்க வராது. ஆனாலும் 'இது நம் முன்னோர் எழுத்து' என்று பார்த்தவுடனே தோன்றும். அந்தத் தோற்றத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது என் கருத்து. படிக்கத் தெரியாதவனுக்கு அந்த எழுத்தே ஒரு சின்னம்.

குத்துவிளக்கு பொறித்த காசு உண்டாமே?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த காசுகளில் அது ஒன்று. அதன் கதை சோகமானது.

கி.மு. 40-இல், கிழக்கே ரோமுக்கு எதிரிகளாக இருந்த பார்த்தியரின் உதவியோடு மத்தத்தியா அந்திகோன் என்ற அஸ்மோனிய இளவரசர் எருசலேமின் அரியணையைப் பிடித்தார். அதே வருடம் ரோம செனட் ஏரோதை யூதேயாவின் அரசனாக அறிவித்தது. ஒரு நாட்டுக்கு இரண்டு அரசர்கள். ஏரோது ரோமப் படையோடு நெருங்கி வந்த அந்த நெருக்கடியில், அந்திகோன் இதுவரை யாரும் செய்யாததைச் செய்தார். சிறிய வெண்கலக் காசின் ஒரு பக்கம் கோவிலின் ஏழு கிளைக் குத்துவிளக்கு, மறுபக்கம் கடவுள் முன் அப்பம் படைக்கும் சமுகத்தப்ப மேசை. குத்துவிளக்கைச் சுற்றிக் கிரேக்கத்தில் 'அரசன் அந்திகோன்'. மேசையைச் சுற்றி எபிரெயத்தில் 'பிரதான ஆசாரியன் மத்தத்தியா'.

இதில் இருக்கும் அடி ஏரோதுக்கு. ஏரோது ஆசாரியக் குலத்தில் பிறந்தவர் இல்லை. அவருடைய குடும்பம் யூதேயாவுக்குத் தெற்கே உள்ள இதுமேயாவிலிருந்து வந்து யூத மதத்துக்கு மாறியது. அவர் எத்தனை படையோடு வந்தாலும் பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்து அந்த விளக்கை ஏற்ற முடியாது. 'உள்ளே போகும் உரிமை எனக்கு மட்டுமே' என்று விரல் நுனி அளவு வெண்கலத்தில் அந்திகோன் சொல்லிவிட்டார்.

கி.மு. 37-இல் ரோமத் தளபதி சோசியு எருசலேமைப் பிடித்தார். அந்திகோன் அந்தியோகியாவில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சோசியு தன் பங்குக்கு ஒரு காசு அடித்தார். வெற்றிச் சின்னத்தின் அடியில் இரண்டு கைதிகள் குந்தியிருக்கும் காட்சி அதில் இருக்கிறது. குத்துவிளக்குக் காசுக்கு வந்த பதிலாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

ஏரோது தன் காசுகளில் என்ன பொறித்தார்?

முதலில் தெரிவது, எபிரெயம் மறைந்துவிட்டது. எல்லாம் கிரேக்கம்: 'அரசன் ஏரோதின்' என்று. முக்காலி, தலைக்கவசம், கேடயம் போன்ற சின்னங்கள். ஆனால் தன் முகத்தைப் போடவில்லை. மக்கள் எதைப் பொறுப்பார்கள், எதைப் பொறுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு ஆண்டவர் அவர். வெள்ளிக்காசும் அடிக்கவில்லை. ரோமின் தயவில் அரசனாக இருப்பவனுக்கு வெண்கலம் போதும்.

ஒரு சிறு காசில் மட்டும் கழுகைப் பொறித்தார். யூத அரசன் ஒருவர் உயிருள்ள பிராணியைக் காசில் பொறித்தது அதுவரை காணாதது. அவருடைய கடைசிக் காலத்தில் கோவில் வாசலுக்கு மேல் பொற்கழுகு ஒன்றை வைத்தது பற்றி வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். யூதா, மத்தியா என்ற இரண்டு போதகர்களின் மாணவர்கள் பட்டப்பகலில் ஏறி அதைக் கோடாரியால் வெட்டிச் சாய்த்தார்கள். ஏரோது அவர்களில் சிலரை உயிரோடு எரித்தார். ஒரு பறவையின் உருவத்துக்கு அந்த ஊரில் அவ்வளவு எடை இருந்தது.

ஏரோதின் வாரிசுகள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். கலிலேயாவை ஆண்ட அந்திப்பா முகமே போடாமல் நாணல், பேரீச்சக் குருத்து என்று பொறித்தார். யூதர்கள் குறைவாக வாழ்ந்த வடகிழக்குப் பகுதியை ஆண்ட பிலிப்பு தயங்காமல் இராயனின் (ரோமப் பேரரசரின்) முகத்தையும் தன் முகத்தையும் பொறித்தார்.

முதலாம் அகிரிப்பா இருவரையும் தாண்டினார். செசரியா போன்ற நகரங்களுக்கான காசில் தன் முகம், எருசலேம் பக்கம் புழங்கிய காசில் முகத்துக்குப் பதிலாகத் தொங்கல் வைத்த குடை, மறுபக்கம் மூன்று கதிர்கள். குடை அரசனின் அடையாளம் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே அரசன், ஊருக்கு ஒரு பேச்சு.

பொந்தியு பிலாத்துவின் காசுகள் யூதர்களைச் சீண்டவா அடிக்கப்பட்டன?

இது ஆய்வாளர்களே ஒத்துப்போகாத கேள்வி. முதலில் பின்னணியைப் பார்த்துவிடலாம்.

கி.பி. 6 முதல் யூதேயா ரோம அதிகாரிகளின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கொப்போனியு முதலான அந்த அதிகாரிகள் அடித்த சிறு வெண்கலக் காசுகளில் இராயனின் பெயரும் ஆட்சி வருடமும் இருக்கும், முகம் இருக்காது. ஒரு பக்கம் கதிர், மறுபக்கம் குலை தொங்கும் பேரீச்ச மரம். யாரையும் புண்படுத்தாத, அந்த மண்ணில் விளையும் பொருள்கள். வென்றவர்களே இப்படித் தலையை விட்டுக்கொடுத்தது சின்ன விஷயம் இல்லை.

பிலாத்து கி.பி. 26-இல் வந்தார். வந்த வேகத்தில் இராயனின் உருவம் தாங்கிய படைக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவர வைத்தார். மக்கள் பிலாத்து தங்கியிருந்த செசரியாவுக்குத் திரண்டு போய் ஐந்து நாள் தரையில் கிடந்து போராடினார்கள். படைவீரர்கள் வாளை உருவியபோது கழுத்தை நீட்டிக் காட்டினார்கள். பிலாத்து இறங்கிவந்து கொடிகளை அகற்றினார்.

இதற்குப் பிறகு வந்தவைதான் அவருடைய காசுகள். திபேரியு இராயனின் 16, 17, 18-ஆம் ஆட்சி வருடம், அதாவது கி.பி. 29 முதல் 32 வரைக்குள். முதல் வருடக் காசில் ரோமப் பூசாரிகள் பலியின்போது திராட்சரசம் வார்க்கும் கரண்டி. அடுத்த இரண்டு வருடங்களில் குறி சொல்லும் பூசாரி பிடிக்கும், தலை சுருண்ட கோல். இரண்டுமே ரோமச் சமயச் சடங்குக் கருவிகள். இதற்கு முன் யூதேயாவின் காசுகளில் வராதவை.

சீண்டல் என்கிறார்கள் சிலர். ரோமில் வழக்கமான சின்னம், அவருக்கு அது தவறாகவே தோன்றியிருக்காது என்கிறார்கள் வேறு சிலர். என் எண்ணம் இரண்டுக்கும் நடுவில். கொடி விவகாரத்தில் பட்ட அனுபவத்தால் முகத்தை அவர் தொடவில்லை. அதே சமயம், இந்த நாடு யாருடைய தெய்வங்களின் கீழ் இருக்கிறது என்று சொல்லாமல் விடவும் அவருக்கு மனமில்லை. முதல் வருடக் காசின் மறுபக்கத்தில் வழக்கமான கதிர்கள்தான். அதைச் சுற்றி இராயனின் தாய் யூலியாவின் பெயர்.

பிலாத்துவுக்குப் பிறகு, கி.பி. 54-இல், பேலிக்ஸ் என்ற அதிகாரி ஒரு காசு வெளியிட்டார். ஒரு பக்கம் குறுக்காக வைத்த கேடயங்களும் ஈட்டிகளும், மறுபக்கம் நம் பேரீச்ச மரம். ஆயுதத்தையும் மரத்தையும் ஒரே காசில் சேர்த்தால் அதைப் புரட்டிப் பார்த்தவன் என்ன நினைத்திருப்பான்?

"இராயனுடையதை இராயனுக்கு" என்று இயேசு சொன்னபோது காட்டப்பட்ட காசு எது?

கதை தெரிந்ததுதான். வரி கொடுக்கலாமா என்று கேட்டு மடக்கப் பார்த்தவர்களிடம் இயேசு ஒரு காசைக் கேட்கிறார். "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" என்கிறார். "இராயனுடையது." சுரூபம் இருந்தது என்றால் அது யூதேயாவில் அடித்த வெண்கலமாக இருக்க முடியாது. வெளியிலிருந்து வந்த ரோம வெள்ளித் தெனாரியம். பெரும்பாலானோர் சுட்டுவது திபேரியுவின் தெனாரியத்தை. 'தெய்வமான அகுஸ்துவின் மகன் திபேரியு' என்று ஒரு பக்கம். மறுபக்கம் அமர்ந்த பெண் உருவமும் 'தலைமைப் பூசாரி' என்ற பட்டமும். ஒரு யூதனுக்கு இதில் மூன்று உறுத்தல்கள்: முகம், மனிதனைத் தெய்வம் என்பது, வேறொரு தலைமைப் பூசாரி. அப்படிப்பட்ட காசைக் கேள்வி கேட்டவர்களே கையில் வைத்திருந்தார்கள்.

இங்கே நமக்கும் ஒரு நேர்த்தொடர்பு உண்டு. அதே வகைத் திபேரியு தெனாரியம் தமிழ்நாட்டில், குறிப்பாகக் கொங்குப் பகுதியில், புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது. மிளகுக்கும் மணிக்கும் விலையாக வந்த வெள்ளி. ஒரே வகைக் காசு எருசலேமில் மனச்சாட்சிப் பிரச்சினை, இங்கே வெறும் நல்ல வெள்ளி.

அப்படியானால் கோவில் வரியை எந்தக் காசில் கட்டினார்கள்?

இது பலரையும் திகைக்க வைக்கும் பதில். வயது வந்த ஒவ்வொரு யூத ஆணும் வருடத்துக்கு அரைச் சேக்கல் எருசலேம் கோவிலுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ஏற்றதாகக் கருதப்பட்டது தீரு நகரத்தின் வெள்ளிக்காசு. அதில் ஒரு பக்கம் மெல்கார்த் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. விக்கிரகமேதான். ஆனால் சேக்கலுக்கு ஏறக்குறைய 14 கிராம் எடை, கலப்படம் மிகக் குறைவு. வெள்ளியின் தரத்துக்காக உருவத்தைச் சகித்துக்கொண்டார்கள். வெளியூர்க் காசைக் கொண்டுவந்து இதற்கு மாற்றத்தான் கோவில் வளாகத்தில் காசுக்காரர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தீருக் காசில் இருந்த வாசகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 'பரிசுத்தமான, தீண்டக்கூடாத தீருவின்' காசு.

கி.பி. 66-இல் யூதர்கள் ரோமுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் அடித்த சேக்கலில் அப்படி என்ன விசேஷம்?

கிட்டத்தட்ட எல்லாமே விசேஷம்.

முதலாவது, அது வெள்ளி. வெண்கலம் அடிப்பது சில்லறைத் தேவை. வெள்ளி அடிப்பதோ தன்னாட்சிக்கான உரிமை. ஏரோது கூடத் தொடாததைக் கிளர்ச்சிக்காரர்கள் முதல் வருடமே தொட்டார்கள். வெள்ளி கோவில் கருவூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து.

இரண்டாவது, வாசகம். ஒரு பக்கம் கிண்ணம், சுற்றிலும் பழைய எபிரெய எழுத்தில் 'இஸ்ரவேலின் சேக்கல்'. மறுபக்கம் ஒரே காம்பில் மூன்று மாதுளை மொட்டுகள், சுற்றிலும் 'பரிசுத்த எருசலேம்'. எடை தீருச் சேக்கலின் அதே எடை. 'பரிசுத்தமான தீரு' என்று எழுதிய காசை இத்தனை காலம் கோவிலுக்குள் கொண்டுபோனவர்கள், அதே அளவு வெள்ளியில், பரிசுத்தம் எருசலேமுடையது என்று திருப்பி எழுதிவிட்டார்கள். மெல்கார்த்தின் தலை இருந்த இடத்தில் கிண்ணம். இந்தப் பொருத்தம் முதன்முதலில் பிடிபட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

மூன்றாவது, பெயர். ரோமர் வைத்த மாகாணப் பெயர் யூதேயா. இவர்கள் இஸ்ரவேல் என்றார்கள். எந்தத் தனி மனிதரின் பெயரும் சேக்கலில் இல்லை.

நான்காவது, வருடக்கணக்கு. அதுவரை வந்த காசுகளில் இராயனின் ஆட்சி வருடம் இருந்தது. இவற்றில் கிண்ணத்துக்கு மேலே முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று புதிய கணக்கு. காலமே தங்களிடமிருந்து புதிதாகத் தொடங்குகிறது என்கிறார்கள். அந்தக் கணக்கு ஐந்தோடு நின்றுபோனது. ஐந்தாம் வருடம் கி.பி. 70 வசந்தத்தில் தொடங்கியது, கோடை முடிவதற்குள் கோவில் எரிந்துவிட்டது. முற்றுகைக்குள் பட்டினியில் கிடந்த நகரத்தில் அந்தச் சில மாதங்களிலும் யாரோ உட்கார்ந்து காசு அடித்திருக்கிறார்கள். ஐந்தாம் வருடச் சேக்கல் மிக அரிது. மசாதா கோட்டை அகழாய்விலும் அது கிடைத்தது, தப்பியவர்கள் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்கள்.

வெண்கலக் காசுகளில் வாசகம் மாறியது என்கிறார்களே?

ஆம். இரண்டாம், மூன்றாம் வருடங்களின் சிறு காசுகளில் சாடியும் திராட்சை இலையும், 'சீயோனின் விடுதலை' என்ற சொல்லும் இருக்கின்றன. நான்காம் வருடத்தில் 'சீயோனின் மீட்புக்கு' என்று ஆகிறது. விடுதலை என்றால் கையில் இருப்பது. மீட்பு என்றால் வர வேண்டியது, அதுவும் கடவுளிடமிருந்து. கி.பி. 69-க்குள் கலிலேயா ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது, எருசலேமுக்குள் மூன்று கோஷ்டிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒரு சொல் மாற்றத்தில் நகரத்தின் மனநிலை தெரிகிறது. கூடவே பேரீச்சங்குருத்தும் எத்ரோக் என்ற நாரத்தை வகைப் பழமும் பொறித்தார்கள். இரண்டும் கூடாரப்பண்டிகைக்கு உரியவை.

கோலானில் உள்ள காம்லா என்ற ஊரிலும் முற்றுகைக்குள் கரடுமுரடாகச் சில வெண்கலக் காசுகளை அடித்தார்கள். எருசலேம் சேக்கலின் கிண்ணத்தைப் பார்த்து அரைகுறையாகச் செய்தவை. இன்று கிடைப்பவை மிகச் சில. அந்த ஊர் கி.பி. 67-இல் விழுந்தது. அவற்றைக் கொண்டு அங்கே எதை வாங்கியிருக்க முடியும்? சந்தைக்காக அடித்த காசாக எனக்கு அது தோன்றவில்லை.

ரோமர் இதற்கு எப்படிப் பதில் சொன்னார்கள்?

வெஸ்பாசியன் இராயன் 'யூதேயா பிடிபட்டது' என்று பொருள்படும் காசுகளைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் எல்லாவற்றிலும் வெளியிட்டார். பெரிய பித்தளைக் காசில் காட்சி தெளிவாக இருக்கும். நடுவில் உயரமாகப் பேரீச்ச மரம். அதன் அடியில் தலையில் கைவைத்து அழும் பெண், அவள்தான் யூதேயா. மரத்தின் மறுபுறம் கைகள் பின்னால் கட்டப்பட்ட கைதி, அல்லது ஈட்டி பிடித்து நிற்கும் இராயன். கொப்போனியுவின் காசில் வளத்தைக் காட்டிய அதே மரம் இப்போது துக்கத்தின் கம்பமாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யூதேயா அறுபது வருடமாக ரோமின் மாகாணம்தான். சொந்த மாகாணத்தின் கிளர்ச்சியை அடக்கியதைப் புதிய நாட்டை வென்றதுபோலக் காட்டினார்கள். வெஸ்பாசியனுக்கு அது தேவைப்பட்டது. அவர் அரச குடும்பத்தவர் இல்லை, உள்நாட்டுப் போரில் அரியணை ஏறியவர். தன் குடும்பம் ஆளத் தகுதியானது என்று காட்ட ஒரு பெரிய வெற்றி வேண்டும். அவருடைய மகன்கள் தீத்துவும் தொமித்தியனும் இதே கருவைத் தொடர்ந்தார்கள். ரோமில் தீத்துவின் வளைவில் கொள்ளைப் பொருளாகத் தூக்கிச் செல்லப்படும் குத்துவிளக்கை இன்றும் காணலாம். அந்திகோன் காசில் பொறித்த கோவில் விளக்குதான் அங்கே ஊர்வலம் போகிறது.

யூத வரியைப் பற்றியும் ஒரு காசு இருக்கிறதா?

இருக்கிறது. கோவில் போன பிறகு, அந்த அரைச் சேக்கலுக்கு ஈடாக இரண்டு தெனாரியத்தை ஒவ்வொரு யூதரும் ரோமின் யூப்பித்தர் கோவிலுக்குக் கட்ட வேண்டும் என்றார்கள். பணத்தைவிட அவமானம் பெரிது. தொமித்தியன் காலத்தில் வசூல் கொடுமையாகிவிட்டது. தொண்ணூறு வயது முதியவர் ஒருவர் விருத்தசேதனம் செய்தவரா என்று நெரிசலான சபையில் ஆடை களைந்து சோதிக்கப்பட்டதை இளம் வயதில் பார்த்ததாகச் சுவெத்தோனியு எழுதியிருக்கிறார்.

கி.பி. 96-இல் வந்த நெர்வா இராயன் 'யூத வரி தொடர்பான பொய்க்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது' என்று காசு அடித்தார். நடுவில் மறுபடியும் பேரீச்ச மரம், இம்முறை அழும் பெண் இல்லை. வரி நிற்கவில்லை, வசூலின் கொடுமை மட்டும் நின்றது.

பார் கோக்பாவின் காசுகளை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கி.பி. 132-இல் அத்ரியன் இராயனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் தலைவர் அவர். உண்மைப் பெயர் சீமோன் பார் கோசிபா என்பது 1950-களின் தொடக்கத்திலும் 1960-களின் தொடக்கத்திலும் யூதேயப் பாலைவனக் குகைகளில் கிடைத்த அவருடைய கடிதங்களால் உறுதியானது. 'பார் கோக்பா', அதாவது நட்சத்திரத்தின் மகன், என்பது பட்டப்பெயர்.

அவரிடம் அக்கசாலைக்கு உலோகக் கையிருப்பு இல்லை. ஆகவே புழக்கத்தில் இருந்த ரோமக் காசுகளையே எடுத்து, அவற்றின் மேல் புதிய அச்சை வைத்து ஓங்கி அடித்தார்கள். வெண்கலமாக இருந்தால் முதலில் அரத்தால் தேய்த்தார்கள். வெள்ளியில் பல காசுகளில் பழைய உருவம் முழுதாக அழியவில்லை. திராட்சைக் குலைக்குப் பின்னால் இராயனின் மூக்கும் தாடையும் இன்னும் தெரியும். 'எருசலேமின் விடுதலைக்கு' என்ற சொல்லுக்கு அடியிலிருந்து லத்தீனோ கிரேக்கமோ இரண்டு எழுத்து எட்டிப் பார்க்கும். நூறு பக்கம் எழுதினாலும் இந்த ஒரு காட்சி சொல்வதைச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். வரியாகக் கொடுக்க வேண்டிய காசு, இராயன் முகத்தின் மேலேயே விடுதலை என்ற சொல்.

பெரிய வெள்ளிக்காசின் ஒரு பக்கம் நான்கு தூண்களோடு எருசலேம் கோவிலின் முகப்பு. அந்தக் கோவில் இடிந்து அப்போது 62 வருடங்கள். அதை நேரில் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் தள்ளாத வயதில் இருந்திருப்பார்கள். இடிபாட்டைப் பொறிக்கவில்லை, முழுதாக நிற்கும் கோவிலைப் பொறித்தார்கள். மறுபக்கம் பேரீச்சங்குருத்துக் கட்டும் எத்ரோக் பழமும். பண்டிகைக்கான குருத்தும் பழமும் தன் ஆட்களுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லிப் போர் நடுவே அவர் எழுதிய கடிதமே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆகவே காசில் இருப்பது வெறும் அலங்காரம் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்றவற்றில் எக்காளம், யாழ், சாடி, அப்புறம் பேரீச்ச மரம். வெஸ்பாசியன் அழும் பெண்ணுக்கு நிழலாக வைத்த மரத்தை மீட்டுக்கொண்டு வந்து, அதன் அடியில் எபிரெயப் பெயரைப் பொறித்தார்கள்.

வாசகங்கள்: 'இஸ்ரவேலின் மீட்பின் முதல் வருடம்', பிறகு 'இஸ்ரவேலின் விடுதலையின் இரண்டாம் வருடம்', கடைசியில் வருடம் இல்லாமல் 'எருசலேமின் விடுதலைக்கு'. பெயர்களாக 'இஸ்ரவேலின் தலைவர் சீமோன்', 'ஆசாரியர் எலெயாசார்'. முதல் கிளர்ச்சியின் சேக்கலில் எந்த ஆளின் பெயரும் இல்லை, இதில் தலைவர் பெயர் முன்னால் நிற்கிறது.

அவர் எருசலேமைப் பிடித்தாரா?

அகழாய்வில் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் பிடித்ததாகத் தெரியவில்லை. யூதேயக் குன்றுகளிலும் பாலைவனக் குகைகளிலும் அவருடைய காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்க, எருசலேமுக்குள் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோவில் மலைக்கு அருகே கிடைத்த ஒன்றை 2020-இல் அறிவித்தார்கள். ஆகவே 'எருசலேமின் விடுதலைக்கு' என்பது நடந்ததைச் சொல்லவில்லை, நடக்க வேண்டியதைச் சொல்கிறது.

கிளர்ச்சி தோற்ற பிறகு அந்தக் காசுகள் என்ன ஆயின?

செல்லாக்காசு ஆயின. இரண்டாம் தசமபாகத்தை, அதாவது எருசலேமில் செலவிட வேண்டிய விளைச்சல் பங்கை, காசாக மாற்ற எந்தக் காசு செல்லும் என்று பேசும் ரபிகளின் நூல்கள் கிளர்ச்சிக் காசு செல்லாது என்கின்றன. சில காசுகளில் துளை இருக்கிறது, கோர்த்து அணிந்திருக்கிறார்கள். தோற்றவர்கள் நினைவாக வைத்திருந்தார்களா, வென்ற படைவீரர்கள் எடுத்துப்போனார்களா என்பதை அந்தத் துளையை வைத்துச் சொல்ல முடியாது.

நகரம் எருசலேம் என்ற பெயரையே இழந்தது. ஏலியா கப்பித்தோலினா என்ற ரோமக் குடியேற்றத்துக்கு அடித்த காசில் காளையும் பசுவும் பூட்டி ஏர் உழும் காட்சி இருக்கிறது. புதிய ரோம நகரத்துக்கு எல்லை கிழிக்கும் சடங்கு அது. மாகாணத்தின் பெயர் சிரியா பாலஸ்தீனா ஆனது, யூதர்கள் நகரத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது.

இந்தக் காசுகளை வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். கிளர்ச்சிச் சேக்கலுக்கும் பார் கோக்பா வெள்ளிக்கும் போலிகள் நிறைய. உண்மையானதிலும் பெரும் பகுதி திருட்டுத் தோண்டலில் வந்தது. எந்தக் குகையில், எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் காசு பாதி ஊமையாகிவிடும். எருசலேம் பற்றி மேலே சொன்ன முடிவே கிடைத்த இடம் தெரிந்ததால்தான் கிடைத்தது.

அந்தச் சின்னங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளனவா?

ஆம், சில்லறையாகவே. இன்றைய இஸ்ரேலின் 10 அகோராக் காசில் அந்திகோனின் குத்துவிளக்கு இருக்கிறது. 10 சேக்கல் காசில் ஏழு ஓலைகளோடு பேரீச்ச மரம், கூடவே பழைய எழுத்திலும் இன்றைய எழுத்திலும் நான்காம் வருடத்து வாசகம்: 'சீயோனின் மீட்புக்கு'.